ஊரப்பாக்கம் மனை, உன் மகள் பேரில்

என் சாந்தி அக்காவுக்கு, கூப்பிட்டுக் கூப்பிட்டு என் வாய்க்கு இன்னும் அலுக்காத பேருக்கு,

உனக்குக் கடிதம் எழுதி முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். கடைசியாக எழுதியது, நான் கோயம்புத்தூரில் டிரெய்னிங்கில் இருந்தபோது. அதில் நாலு எழுத்துப்பிழை இருந்தது என்று சிவப்பு மையில் சுழித்து, அதே கடிதத்தைத் திருப்பி அனுப்பினாய். "சாப்பாடு எப்படி இருக்கு?" என்று கீழே ஒரு வரி மட்டும் எழுதியிருந்தாய். அப்போது நீ டீச்சர்கூட ஆகவில்லை.

நீ எந்தக் கதையாக இருந்தாலும் முடிவை முதலில் சொல்லச் சொல்வாய். சினிமாவுக்குக் கிளம்பும் முன்பே, கடைசியில் யார் சாகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாய். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரப்பாக்கம் மனை விற்றாகிவிட்டது. வாங்கியவள் ரம்யா. போன மாதம் பத்திரம் பதிவாயிற்று, உன் மகள் பேரில்.

இனி நீ நிம்மதியாகக் கேட்கலாம். இது எப்படி நடந்தது என்பதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் நான் செய்த தப்பும் இருக்கிறது. மற்றவர்களும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒரு மனையை நடுவில் வைத்துக்கொண்டு முகம் பார்த்துப் பேசாத அண்ணன் தங்கைகள், தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் தெருவுக்கு ரெண்டு வீடு இருக்கிறார்கள்.

அவர்களுக்காக ரெண்டு வரி. நம் அப்பா ரயில்வே குமாஸ்தா. வாடகை வீட்டிலேயே காலத்தை ஓட்டியவர். ஊரப்பாக்கத்தில் வயல்களை பிளாட் போட ஆரம்பித்த காலத்தில், அம்மாவின் வளையலை விற்று ஒரு மனை வாங்கினார். அதில் வீடு கட்ட அவரால் கடைசி வரைக்கும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மின்சார ரயில் ஏறி, எல்லைக்கல்லை யாராவது நகர்த்தியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருவார். கூட நீ போவாய். பாஸ்கர் அண்ணன் மூத்தவர், நீ நடு, நான் கடைசி. நாங்கள் ரெண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமையில் கிரிக்கெட் ஆடப் போய்விடுவோம் என்றுதான் நான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா முன்பே போய்விட்டார். அப்பா உயில் எதுவும் எழுதாமல் போனார். மனை நம் மூன்று பேருக்கும் பொதுவாக நின்றது.

அப்பாவின் முதல் வருஷத் திதி அன்று, சேலையூரில் அண்ணன் வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். நீதான் பேச்சை எடுத்தாய்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? ஊரப்பாக்கம் இடத்தை எனக்கே குடுத்துடுங்களேன். உங்க ரெண்டு பேர் பங்குக்கும் வெளியில என்ன விலை போகுதோ அதைக் குடுத்துடறோம். அவருக்கு லோன் கிடைச்சிடும் போல இருக்கு."

அண்ணன் சாதத்தைப் பிசைவதை நிறுத்தவில்லை. "சொந்தத்துக்குள்ள இடம் வாங்கி விக்கிற பேச்சே வேணாம் சாந்தி. இன்னைக்கு சிரிச்சிக்கிட்டே கையெழுத்து போடுவோம். நாளைக்கு உன் வீட்டுக்காரரு ஜாஸ்தி குடுத்துட்டோம்பாரு. உன் அண்ணி, கம்மியா வாங்கிட்டீங்கன்னுவா. வெளி ஆளுக்கு வித்தா இந்த பேஜாரே இல்ல."

"அப்போ எப்ப விக்கப் போறீங்க?"

"இப்ப என்ன அவசரம்?"

உனக்கு அவசரம்தான் அக்கா. அது எங்களுக்குத் தெரியும். கல்யாணம் ஆனதிலிருந்து ஏழு வாடகை வீடு மாறியிருந்தாய். இரும்புலியூர், பெருங்களத்தூர், வண்டலூர் என்று வாடகை ஏற ஏற ஜிஎஸ்டி ரோட்டில் தெற்கே தள்ளிக்கொண்டே போனாய். உன் வீட்டுக்காரர் செல்வம் மாமாவின் எலக்ட்ரிகல் கான்ட்ராக்ட் வேலை ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. தண்ணீரை அளந்து விடும் ஓனர், சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்ற ஓனர், கருவாடு வறுத்ததற்குக் காலி செய்யச் சொன்ன ஓனர் என்று ஒவ்வொருவரையும் நீ நடித்துக் காட்டுவாய். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். சிரித்துவிட்டு அவரவர் சொந்த ஃபிளாட்டுக்குப் போய்விடுவோம்.

அன்று பந்தியில் நீ என் பக்கம் திரும்பினாய். "நீ என்னடா சொல்ற, ரவி?"

நான் இலையைப் பார்த்தேன். "அண்ணி, கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. உன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அண்ணனை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. சின்ன வயசிலிருந்து அவர் சட்டையைப் போட்டு வளர்ந்தவன். ஒரு வார்த்தை, "குடுத்துடலாம்ணா" என்ற ஒரே ஒரு வார்த்தை, என் வாயிலிருந்து வந்திருந்தால் அண்ணன் யோசித்திருப்பாரா? இதை எத்தனையோ முறை எனக்குள் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அதன் பிறகு நீயும் அண்ணனும் பத்து மாதம் பேசவில்லை. பதினோராவது மாதம் நீதான் போனாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்குப் போய், படகு வந்ததும் மீன்காரம்மாவிடம் மல்லுக்கட்டி ஒரு முழு வஞ்சிரம் வாங்கிக்கொண்டு, நேரே சேலையூரில் போய் இறங்கினாய். கதவைத் திறந்த அண்ணன் என்ன பேசுவது என்று தெரியாமல் வழியை மறித்துக்கொண்டு நின்றாராம்.

"சண்டை இடத்தைப் பத்தி. மீனைப் பத்தி இல்ல. நவுருங்க, கொழம்பு வைக்கணும்" என்று உள்ளே போனாயாம். இதை அண்ணி இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார். ஆனால் மனைப் பேச்சை நீ மறுபடி எடுக்கவே இல்லை. எடுத்திருக்கலாம் அக்கா. ஏன் எடுக்கவில்லை?

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. மூன்றே மாதம். அதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உனக்குத் தெரியாததை மட்டும் சொல்கிறேன்.

நீ போன அன்று காலையில், நீங்கள் குடியிருந்த கூடுவாஞ்சேரி வீட்டின் ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. கையைக் கட்டிக்கொண்டுதான் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க. பாடியை உள்ள வைக்க வேணாம். மேல் போர்ஷன்ல புதுசா கல்யாணம் ஆனவங்க இருக்காங்க. வாசல்லயே வெச்சிக்குங்க." ரம்யா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செல்வம் மாமா அவள் கையைப் பிடித்து அழுத்தினார். உன்னை வைத்த ஐஸ் பெட்டியைத் தெருவோரம் ஷாமியானா போட்டு வைத்தோம். மே மாத வெயில். பொழுது ஏற ஏற நிழல் நகர்ந்துகொண்டே போனது. பாஸ்கர் அண்ணன் ஷாமியானாவை இந்தக் கம்பத்திலிருந்து அவிழ்த்து அந்தக் கம்பத்தில் கட்டினார். மறுபடி அவிழ்த்தார், மறுபடி கட்டினார். பகல் முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

நாலு மாதம் கழித்து அண்ணன் போன் செய்தார். "இடத்தை முடிச்சிடலாம்டா. தனசேகர் கேக்கறான்."

தனசேகர் யார் என்று உனக்குத் தெரியும். அண்ணியின் தம்பி. எனக்குச் சுருக்கென்றது. சொந்தத்துக்குள் வேண்டாம் என்றவர், மச்சானுக்கு விற்கக் கிளம்பிவிட்டாரே என்று. ஆனால் வழக்கம்போல நான், "சரிண்ணா" என்றேன்.

உன் பங்கு இப்போது மாமாவுக்கும் ரம்யாவுக்கும். அவர்கள் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. "நீ போய் வாங்கிட்டு வா. நீ சொன்னா அந்தப் பொண்ணு கேப்பா" என்று அண்ணன் காகிதங்களைக் கொடுத்தனுப்பினார்.

கூடுவாஞ்சேரிக்குப் போனேன். மாமா என்னைப் பார்த்ததும் டீ போட எழுந்து உள்ளே போனார். ரம்யா ஆபீஸிலிருந்து வந்த களைப்போடு உட்கார்ந்து, எல்லாப் பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். உன்னைப் போலவே, படிக்கும்போது பேனா முனை வரிக்குக் கீழே நகர்ந்தது.

"போடறேன் சின்ன மாமா. அம்மாவே இல்ல, நான் எதுக்குச் சண்டை போடணும்? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அம்மா அந்த இடத்தைக் கேட்டப்ப பெரிய மாமா வேணாம்னுட்டாரு. நீங்க என்ன சொன்னீங்க?"

டீ வருகிறதா என்று நான் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"நான் அம்மாகிட்ட கேட்டேன். சின்ன மாமா என்னம்மா சொன்னாருன்னு. ரசம் கேட்டான்னு சொன்னாங்க." அவள் லேசாகச் சிரித்தாள். "சொல்லிட்டு அம்மாவும் சிரிச்சாங்க. அவன் எப்பவும் என் பக்கம்தான்டி, வாய்தான் வராதுன்னாங்க."

உள்ளே டீ கொதிக்கும் சத்தம் கேட்டது. காகிதங்களை அவள் கையிலிருந்து வாங்கி உறையில் போட்டேன். "இன்னைக்கு வேணாம்மா" என்றேன். டீயைக் குடித்தேனா, அப்படியே வைத்துவிட்டு வந்தேனா என்று இப்போது நினைவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்து வந்தபோது கண் மங்கி, தப்பான பிளாட்பாரத்தில் போய் நின்றேன்.

நீ எனக்காக அப்படிப் பேசியிருக்க வேண்டாம் அக்கா. என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணனிடம் கையெழுத்து ஆகவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அளந்து பார்க்கும் நாளில் எல்லோரும் வருவார்கள், அங்கேயே போட்டுக்கொள்ளலாம் என்றார். ஒரு சனிக்கிழமை காலை ஊரப்பாக்கத்தில் கூடினோம். அண்ணன், நான், தனசேகர், மாமா, ரம்யா, சர்வேயர், டேப் பிடிக்க அவருடன் வந்த ஒரு பெரியவர். சுற்றிலும் மூன்று பக்கமும் வீடு எழும்பிவிட்டது. நம் மனை மட்டும் முள்செடியோடு கிடந்தது. ரம்யா வாங்கி வந்த தண்ணீர் பாட்டிலை முதலில் தன் பெரிய மாமாவிடம்தான் நீட்டினாள்.

பெரியவர் டேப்பின் ஒரு முனையைக் கல்லில் வைத்துக் குனிந்தார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"அண்ணா, நான் விக்கல."

"என்னது?"

"தனசேகருக்கு விக்கல. யாருக்காவது விக்கறதுன்னா ரம்யாவுக்குத்தான். அக்கா கேட்டப்ப நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப இருக்க முடியாது."

"இன்னா விளையாடுறியா? நாலு பேரைக் கூட்டி வெச்சிட்டு இப்ப வந்து பேசற?"

"நீங்கதானே சொந்தத்துக்குள்ள வேணாம்னீங்க? அக்கா சொந்தம்னா தனசேகர் மட்டும் யாருண்ணா? அக்கா வாடகை வீட்டுலயே இருந்து வாடகை வீட்டுலயே போயிட்டாளேண்ணா. உள்ள வைக்கக்கூட இடமில்லாம..."

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. தனசேகர் செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கடைசியில் அவர்தான், "இவ்ளோ கதை இருக்குன்னு எனக்குத் தெரியாது மாமா. நீங்க பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க" என்று வண்டியை எடுத்தார்.

பெரியவர் குனிந்த இடத்திலிருந்தே நிமிர்ந்து பார்த்தார். "சார், எம்மா நேரம் டேப்பைப் புடிச்சிகினு குந்திக்கினு இருக்கிறது? அளக்கணுமா, வாணாமா, இன்னா வெசயம்னு ஒண்ணு சொல்லுங்க."

ரம்யா சிரித்துவிட்டாள். அந்த நேரத்திலும் சிரித்தாள் அக்கா, உன் மகள். அண்ணன் யாரிடமும் சொல்லாமல் ஸ்டேஷனைப் பார்த்து நடந்துவிட்டார்.

ஆறு வாரம் அண்ணன் பேசவில்லை. அண்ணி ஒரு முறை கீதாவுக்குப் போன் செய்து, "உன் வீட்டுக்காரர் என் தம்பியை நடுரோட்டுல நிக்க வெச்சிட்டாரு" என்று அழுதார். கீதாவுக்கும் என் மேல் வருத்தம்தான். "செஞ்சது சரி. ஆனா வீட்டுல பேசியிருக்கலாம் இல்ல? இத்தனை வருஷம் பேசாம இருந்துட்டு, எல்லாத்தையும் ஒரே நாள்ல பேசணுமா?" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

ஒரு நாள் காலை எட்டு மணி இருக்கும். பெருங்களத்தூரில் என் வீட்டு பெல் அடித்தது. அண்ணன். கையில் ஒரு பை முருங்கைக்காய். அதை கீதாவிடம் கொடுத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தார். ஃபேனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு சாந்தி மேல வெயில் பட்டுது இல்ல?"

"பட்டுதுண்ணா."

"எவ்ளோ இழுத்துக் கட்டியும் நிழல் பத்தல."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரே மேலே பேசினார். "அப்பா ஒரு ஞாயித்துக்கிழமைகூட என்னை அங்க கூட்டிட்டுப் போனதில்லடா. நானா ஒரு தடவை செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னேன். சாந்தி வரா, நீ போய் விளையாடுன்னாரு. எனக்குப் பத்து வயசு. அவ அந்த இடத்தைக் கேட்டப்ப, அதையும் இவளே எடுத்துக்கணுமான்னு இருந்துச்சு. விலை, அது இதுன்னு நான் பேசினதெல்லாம் சும்மா."

இது உனக்குத் தெரியுமா அக்கா? எனக்குத் தெரியாது. ஐம்பத்தெட்டு வயசு மனிதர், பேரன் எடுத்தவர், பத்து வயசுப் பையனாக வாசலில் நிற்கிறார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? "இதை அப்பவே சொல்றதுக்கு என்ன அண்ணா?" என்று அதட்டியிருப்பாய். அப்புறம் அழுதிருப்பாய். அதற்கப்புறம் டிபன் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருப்பாய். நான் டிபனை மட்டும்தான் கேட்டேன்.

"ரம்யாவுக்கே குடுத்துடலாம்டா" என்றார், தோசையைப் பிய்த்துக்கொண்டே. "அவகிட்ட காசு எதுவும் வேணாம்னு சொல்லிடு."

அதை ரம்யாவிடம் சொன்னபோது அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "இனாமா வேணாம் மாமா. அம்மா விலைக்குத்தானே கேட்டாங்க? அம்மா என்ன கேட்டாங்களோ அதையே எனக்குக் குடுங்க." பேங்கில் லோன் போட்டாள். மாமா தன் பங்கை மகளுக்கே எழுதிவிட்டார். விலையைப் பேச உட்கார்ந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. அண்ணன் குறைக்கச் சொல்கிறார், வாங்குகிறவள் ஏற்றச் சொல்கிறாள். நான் நடுவில் உட்கார்ந்துகொண்டு முதல் முறையாக ரெண்டு பேரையும் அதட்டினேன். கேட்டார்கள்!

பதிவு அன்று கூடுவாஞ்சேரி ரிஜிஸ்டர் ஆபீஸில் ஒரே கூட்டம். டோக்கன் வாங்கி, வேப்பமர நிழலில் ரெண்டு மணி நேரம் நின்றோம். பத்திரம் எழுதுபவர் கையெழுத்துக்கு முன்னால் ஒரு முறை வாசித்துக் காட்டினார். "மேற்படியாரின் மகளும் வாரிசுகளில் ஒருவருமான சாந்தி காலமாகிவிட்டபடியால்" என்ற வரி வந்ததும் அண்ணன் கையை நீட்டி நிறுத்தினார்.

"அதை இன்னொரு வாட்டி படிங்க."

"ஏதாவது தப்பா சார்?"

"தப்பு இல்ல. படிங்க."

அவர் மறுபடி படித்தார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நான் போட்டேன். ரம்யா கைரேகைக்குக் கட்டைவிரலை வைத்தபோது, செல்வம் மாமா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். உன்னிடம் பொய் சொல்ல முடியாது. தனசேகர் தன் மகள் காதுகுத்துக்கு எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. அண்ணி பதிவுக்கு வரவில்லை. ரம்யா போன் செய்தால் எடுக்கிறார். "நல்லா இருக்கியா" என்கிறார். அதற்கு மேல் பேச்சு ஓடுவதில்லை. ரம்யாவுக்கு அது உறுத்துகிறது. சின்ன வயசில் அவளுக்குத் தலை வாரி விட்டவர் அண்ணி. நீ வேலைக்குப் போன நாட்களில் சோறு ஊட்டியவர். மனை வந்து பெரியத்தை போய்விட்டால் அது என்ன கணக்கு மாமா என்று கேட்கிறாள்.

வீட்டு வேலை தையில் தொடங்குகிறது. சின்ன வீடுதான். ஹால், ரெண்டு ரூம், பின்பக்கம் துணி துவைக்கக் கொஞ்சம் இடம். மாமாதான் வயரிங். இப்போதே எந்தச் சுவரில் எந்த ஸ்விட்ச் என்று காகிதத்தில் போட்டு வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. அந்த வீட்டில் பால் காய்ச்சும் அன்று, அண்ணி வாசலுக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போகிற விருந்தாளியாக வர மாட்டார். அடுப்பைப் பற்ற வைப்பவரே அவர்தான் என்று ரம்யா முடிவு செய்துவிட்டாள். அவரைக் கூட்டிவருவது என் பொறுப்பு. நாளைக்கே சேலையூர் போகிறேன். தனசேகர் வீட்டுக்கும் போய் அவர் கையைப் பிடித்துப் பேசுவேன். முதல் தடவை முகம் கொடுக்காவிட்டால் மறுபடி போவேன். கீதாவும் கூட வருகிறேன் என்கிறாள். எத்தனை நடை ஆனாலும் சரி, அண்ணியை நான் கூட்டி வருவேன்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவன், உன் கடைக்குட்டித் தம்பி,
ரவி